ஒரு கால் சிவப்பு, ஒரு கால் நீலம்

ரெஷிஸ்: …கொஞ்சம் தள்ளி நில்லு ஒடீல். படத்துல உன் தலை விழுது.

ஒடீல்: கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷமா என் தலை உனக்கு இடைஞ்சல்தான்.

ரெஷிஸ்: தலை இல்ல, தொப்பி.

ஒடீல்: சரி, கழட்டிட்டேன். இன்னும் எவ்வளவு நேரம்?

ரெஷிஸ்: வெயில் அந்த வட்டமான கலர் கண்ணாடி ரோஜா ஜன்னல்ல விழட்டும். மேகம் விட்டா பத்து நிமிஷம்.

ஒடீல்: இதே ஜன்னல், இதே தூணு. இந்த மாதா கோயில் படம் மட்டும் வீட்ல நானூறு கிடக்கு.

ரெஷிஸ்: ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது.

ஒடீல்: எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது. ஒண்ணுலயும் மனுஷ வாடையே கிடையாது. யாராவது குறுக்க வந்தா, அவங்க போற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிற.

ரெஷிஸ்: எண்ணூறு வருஷத்துக் கட்டடம். அதுக்கு முன்னாடி பிளாஸ்டிக் பையோட ஒருத்தன் எதுக்கு?

ஒடீல்: கட்டினவனும் ஏதாவது ஒரு பையோடதான் வந்திருப்பான்.

ரெஷிஸ்: …மத்தியானம் மூணு மணிக்கு நகரமன்றத்துல பரிசு குடுக்குறாங்க. நம்ம போட்டோ கிளப் போட்டிக்கு. வரியா?

ஒடீல்: நான் எங்க வர்றது… லீக்ஸ் வெங்காயத்தாள் வாங்கி ரெண்டு நாளாச்சு, வாடிப் போகுது. மாவுக்குள்ள வெச்சுச் சுடணும். நீயும் இந்த வருஷம் படம் வைக்கலையே.

ரெஷிஸ்: நாலு வருஷம் வரிசையா முதல் பரிசு வாங்கினவன் இப்ப மூஞ்சி காட்டலைன்னா, கோவிச்சுக்கிட்டான்னு பேசுவாங்க.

ஒடீல்: ஏன் வைக்கலைன்னு கேட்டதுக்கு, பிரிண்ட் சரியா வரலைன்னு சொன்ன.

ரெஷிஸ்: ஆமா… வரலை.

ஒடீல்: நான் பார்த்தேனே. நல்லாத்தான இருந்துச்சு.

ரெஷிஸ்: முதல் பரிசு யாருக்காம் தெரியுமா? வாசேர்னு யாரோ. ஊர்ல யாருக்கும் தெரியாத பேரு. முகவரிகூட எழுதலையாம். மூணு மணிக்குக் கூப்பிடுவாங்களாம். ஆள் வரலைன்னா ரெண்டாவது வந்தவருக்குப் போயிடுமாம்.

ஒடீல்: போகட்டும். அவரு மட்டும் பாவம் இல்லையா?

ரெஷிஸ்: ரெண்டாவது யாருங்கற? நம்ம எதிர் வீட்டுப் பல் டாக்டர்.

ஒடீல்: எப்பப் பாரு பூனையையே எடுப்பாரே… அவரா?

ரெஷிஸ்: அவரேதான். இந்தத் தடவை கோயில் படியில பூனை.

ஒடீல்: அடக் கடவுளே. அந்த முதல் படம்… எப்படி இருக்காம்?

ரெஷிஸ்: இங்க, இதே தூணு கிட்ட எடுத்தது. கோயில் கூட்டுறாங்களே லுசேத், அவங்க நாற்காலியில உக்காந்தபடியே தூங்கிட்டாங்க. செருப்பு ரெண்டும் ஓரமா கிடக்கு. ஜன்னல் வெளிச்சம் நேரா வந்து காலு மேல விழுது. ஒரு கால் சிவப்பு, ஒரு கால் நீலம். மேல கோயில் முச்சூடும் இருட்டு.

ஒடீல்: அவங்க தூங்கலை.

ரெஷிஸ்: என்ன?

ஒடீல்: ஒண்ணுமில்ல.

ரெஷிஸ்: தூங்கலைன்னு சொன்னியே.

ஒடீல்: …அன்னிக்குக் காலையில ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சாம் அவங்களுக்கு. மார்ல இருந்தது வெறும் நீர்க்கட்டிதான், பயப்பட ஒண்ணுமில்லைன்னு. மூணு வாரமா யார்கிட்டயும் சொல்லாம சுமந்திருக்காங்க. துடைப்பத்தைச் சாத்தி வெச்சுட்டு, செருப்பைக் கழட்டிட்டு உக்காந்தாங்க. நீ கார் நிறுத்த இடம் தேடிப் போயிருந்த. நான் போய்ப் பக்கத்துல உக்காந்தேன். எல்லாத்தையும் சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிட்டாங்க. உன் கேமரா என் கையிலதான் இருந்துச்சு. எடுக்கட்டுமான்னு கேட்டேன். எடுத்துக்கோ, காலு மட்டும் அழுக்காத் தெரியாம பார்த்துக்கோன்னாங்க.

ரெஷிஸ்: அப்ப வாசேர்…

ஒடீல்: பாலாடைக்கட்டி டப்பாவுல இருந்த பேரு. அவசரத்துக்கு அதுதான் கண்ணுல பட்டுச்சு. ரெஷிஸ், வெயில் வந்துடுச்சு பாரு. தூணு முழுக்க நிறம். எடு.

ரெஷிஸ்: இருக்கட்டும். நீ சொல்லு.

ஒடீல்: போயிடும்டா, மேகம் திரும்ப வருது.

ரெஷிஸ்: போனாப் போகட்டும். ஏன் மறைச்ச?

ஒடீல்: நாலு வருஷமா நீ மேடையேறுற, நான் கீழ உக்காந்து கை தட்டுறேன். எனக்கு அது பழகிப்போச்சு. உனக்குப் பழக்கமில்லையே. சும்மா வெச்சுப் பார்ப்போம், யாருக்கும் தெரியப் போறதில்லைன்னுதான் வெச்சேன். பரிசு வரும்னு நினைக்கவே இல்ல.

ரெஷிஸ்: படத்துக்குப் பின்னாடி பேரை நீதான எழுதின?

ஒடீல்: ஆமா. ஏன்?

ரெஷிஸ்: ஃப்ரிட்ஜ் மேல தினமும் சீட்டு எழுதி ஒட்டுறியே, பால் வாங்கு, ரொட்டி வாங்குன்னு. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

ஒடீல்: உனக்கு… எப்பலேர்ந்து தெரியும்?

ரெஷிஸ்: கடைசி நாள் என் படத்தைக் குடுக்கப் போனேனே, அன்னிலேர்ந்து. வந்த படத்தையெல்லாம் மேசையில பரப்பி வெச்சிருந்தாங்க.

ஒடீல்: அதுக்காகத்தான் உன்னோடதை வைக்காம வந்தியா? எனக்கு விட்டுக் குடுத்தியா? அப்படின்னா அந்தப் பரிசு எனக்கு வேண்டாம். பல் டாக்டரே வாங்கிக்கட்டும்.

ரெஷிஸ்: விட்டுக் குடுக்குற அளவுக்கு நான் நல்லவன் இல்ல ஒடீல். உன்னோடதுக்குப் பக்கத்துல என்னோடதை வெச்சுப் பார்த்தேன். ரொம்ப நேரம் நின்னேன். அந்த லுசேத்தோட காலுக்கு முன்னாடி என் தூணெல்லாம் வெறும் கல்லாத் தெரிஞ்சுது. தோக்கப் போறோம்னு தெரிஞ்சப்புறம் எவன் படத்தை வைப்பான்? உறைக்குள்ள போட்டு எடுத்துட்டு வந்துட்டேன். தொப்பியைப் போட்டுக்கோ, மூணு மணிக்கு வாசேர்னு கூப்பிடுறப்ப நீ மேடையேறு, நான் கீழ உக்காந்து கை தட்டுறேன்.