பச்சை ஒயர்

இல்லக்கா, கொஞ்சம் தள்ளியே உக்காருங்க. கிட்டார் ஆம்ப்ளிஃபயர் பின்பக்கத்தக் கழட்டிட்டா கிட்ட யாரும் வரக் கூடாது. ப்ளக்கப் புடுங்கிட்டா என்ன, உள்ள கரண்டு தேங்கி நிக்கும். குழாய மூடுனதும் தொட்டி காலியாயிடுதா? மொதல்ல வடிக்கணும். வேலை செய்யறப்ப நான் இடது கைய பாக்கெட்டுல வெச்சுக்குவேன். என் பொண்டாட்டி கேலி பண்ணுவா, மாப்பிள்ளை பெஞ்சு முன்னாடி போட்டோவுக்கு நிக்கறாருன்னு. ரெண்டு கையும் உள்ள போச்சுன்னா ஒண்ணுல ஏறி இன்னொண்ணுல எறங்கும். நடுவுல நெஞ்சு.

மன்னிச்சுக்கங்க. உங்ககிட்டப் போயி இதச் சொல்றேன் பாருங்க.

சரி, பொண்ணு என்ன சொன்னா? மொதல் சேனல்ல சத்தம் கெணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி. ரெண்டாவதுல கரகரன்னு, தொண்டை கட்டுன மாதிரி. நல்ல காது. அவ அண்ணனோட காது. நாலு வருஷமா பரண்ல கெடந்தத உங்களுக்குத் தெரியாம எறக்கி மாட்டியிருக்கா. எவ்வளவு நேரம் வாசிச்சா? கால்ல செருப்பு இருந்துச்சா? வீட்டுக்குள்ளயுமா? ரப்பர் செருப்புதானே? இல்ல, சும்மாதான் கேட்டேன்.

இது பாருங்க, கண்ணாடிக் குப்பி மாதிரி இருக்கே, இதுதான் வால்வு. கடைக்கு வர்றவங்க எல்லாரும் இதத்தான் திட்டுவாங்க. எடுத்த எடுப்புல புதுசு வாங்கிப் போடக் கூடாது. இந்தச் சேனல் வால்வ அதுலயும், அத இதுலயும் மாத்திச் சொருகிப் பாக்கணும். நோய் கூடவே போச்சுன்னா வால்வுல நோய். போகலைன்னா அது குடியிருக்கற வீட்டுல நோய். போகல பாத்தீங்களா? இப்பவும் இது கெணறு, அது கரகரப்பு. பாவம், நாலு வருஷம் கழிச்சும் வால்வு மேல தப்பில்ல.

மொதல் சேனல்ல இந்தக் கப்பாசிட்டர் காஞ்சு போச்சு. பரண் சூடு. அதான் சத்தம் செத்துக் கெடக்கு. ரெண்டாவதுல இந்தக் கப்பாசிட்டர் ஒழுகுது. அடுத்த வால்வுக்குப் போகக் கூடாத கரண்டு போயிடுது. சத்தம் மட்டும்தான் தாண்டிப் போகணும், கரண்டு இந்தப் பக்கமே நின்னுடணும். இத்துனூண்டு சாமான், இதுக்கு அவ்வளவுதான் வேலை. மாத்திடறேன்.

அப்படியா சொன்னாங்க? டாக்டரா? ஈரத் தரை, வெறுங்காலு, அதான் கரண்டு அடிச்சுடுச்சுன்னு. ம்.

நீங்க எத்தனை மணிக்குத் துடைச்சீங்க? காலையிலயே. பையன் எழுந்திரிக்கறதுக்குள்ள காஞ்சிடும்னு நெனச்சீங்க. எல்லா வீட்லயும் துடைக்கறதுதானேக்கா. அதுக்கப்பறம் நீங்க துடைக்கறதே இல்லையா? துடைச்சிட்டு காஞ்ச துணியால மூணு தடவையா. மண்டி போட்டா? அந்த முட்டிய வெச்சுக்கிட்டு.

இருங்க, ஈயம் ஆறட்டும்.

இப்பக் கேளுங்க. மொதல் சேனல். கெணத்துலேருந்து மேல வந்துடுச்சா? ரெண்டாவது. தொண்டை தெறந்துடுச்சு. அழுங்க, பரவால்ல. அவன் இந்த ரெண்டாவதுலதான் வாசிப்பான்.

எனக்கெப்படித் தெரியும்னா... எங்க கடைச் சீட்டு பின்னாடி ஒட்டியிருக்கறதப் பாத்துட்டுத்தானே இங்க வந்தீங்க. அந்த அண்ணன் கை பட்டாப் போதும்னு சொல்லுவானாமே, வந்ததும் நீங்கதான் சொன்னீங்க. நீங்க இத வாசல்ல எறக்குனப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

வேண்டாம்க்கா, கைய வெக்காதீங்க. எடுத்துட்டுப் போக முடியாது. சேனல் ரெண்டும் சரியாயிடுச்சு, ஆனா இது சரியாகல. இந்த டெஸ்டர கிட்டார் சொருகற எடத்துல வெக்கறேன், பாருங்க. எரியுதா? செவப்பா? இரும்புச் சட்டம் பூரா கரண்டு நிக்குது. ஒயர் வழியா கிட்டார் கம்பி வரைக்கும் வரும். நான் ஏன் ரப்பர் பாய் மேல நிக்கறேன்னு நெனச்சீங்க? உங்க பொண்ண அந்தச் செருப்புதான் காப்பாத்துச்சு. நீங்க போடச் சொன்ன செருப்பு.

இப்படி லீக் ஆனா, மண்ணுக்குள்ள கொண்டுபோய் விடறதுக்குன்னே ஒரு பச்சை ஒயர் இருக்கும். தரை குளமா கெடந்தாலும் ஃபியூஸ்தான் போகும், ஆள் போக மாட்டான். ப்ளக் பக்கத்துல பாருங்க, வெட்டி, நுனிய மடிச்சு, கறுப்பு டேப் மூணு சுத்து. எல்லாரும் ரெண்டுதான் சுத்துவாங்க.

கச்சேரிக்கு மொத நாள் வந்தான். ம்ம்ம்னு ஒரு இரைச்சல் வருது அண்ணேன்னான். ஒழுங்காத் தேடணும்னா ரெண்டு நாள் ஆகும். பச்சைய வெட்டுனா ரெண்டு நிமிஷத்துல இரைச்சல் நிக்கும். எங்க தொழில்ல எல்லாரும் செய்யறதுதான். முடிஞ்சதும் கொண்டுவா, சேத்துடறேன்னேன். கொண்டு வரல. நானும் கூப்பிட்டுக் கேக்கல. அப்பறம் கேள்விப்பட்டேன். உங்க தெரு முனை வரைக்கும் வந்தேன். வாசல்ல செருப்பா கெடந்துச்சு. திரும்பிட்டேன்.

தரையால இல்லக்கா.

அந்த ஒயர இன்னிக்கு நான் தொடல, அப்படியேதான் இருக்கு. யாரக் கூட்டிட்டு வந்து காட்டணுமோ கூட்டிட்டு வாங்க. கடைய சாத்த மாட்டேன்.