சக்கரத்தில் கட்டிய முண்டாசு

ஸ்டேஷன் காப்பி நன்றாக இருக்கிறது, யோகநாதன் ஐயா. எங்கள் கூலி லயத்தில் இவ்வளவு பால் ஊற்றமாட்டார்கள். நான் சொல்வதை நீங்கள் போலீஸ் துரைக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும் அல்லவா, அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

பெயர் நாகையா. பிரிக்பீல்ட்ஸில், கிள்ளான் ஆற்றங்கரை மதகுக்கு நான் காவல். ஊரில் பெய்கிற மழையெல்லாம் கரைக்கு அடியில் செங்கல் வைத்துக் கட்டிய லோங்காங் என்கிற வடிகால் வழியாக ஆற்றில் விழும். ஆறு ஏறினால் அதே வழியாகத் திரும்பி வந்து லயத்துக்குள் புகும். அப்போது சக்கரத்தைச் சுற்றி இரும்புக் கதவை இறக்க வேண்டும். அதற்கு மூளை வேண்டாம், தோள் வேண்டும். ரயில்பாதைக்குக் கல் சுமந்த தோள் எனக்கு.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான் கொஞ்சம் முன்னாலேயே மூடிவிடுகிறவன். பத்துமலைப் பக்கம் வானம் கறுத்தால் போதும், கை சக்கரத்துக்குப் போய்விடும். பல தடவை ஆறு ஏறாது. ஊர்த் தண்ணீர்தான் போக வழியில்லாமல் லயத்து வாசலில் நிற்கும். பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டுவார்கள்.

திட்டினால் பரவாயில்லை. என் தங்கை தனலெட்சுமியின் புருஷன் இராமலிங்கம் திட்டமாட்டான், சிரிப்பான். மச்சான் முறை, கோபித்துக்கொள்ளவும் முடியாது. கள்ளுக்கடையில் யாராவது தும்மினால், "மச்சான், ஓடுங்க, மதகை மூடுங்க" என்பான். கடையே சிரித்து உருளும். நானும் சிரிப்பேன். நல்ல வேடிக்கைக்காரன், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மதகு வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சேறு அள்ள உள்ளே போகிறவன் தன் முண்டாசை அவிழ்த்துச் சக்கரத்தில் கட்டிவிட்டுப் போவான். அவனே வந்து அவிழ்க்கும்வரை சக்கரத்தை ஒருவரும் தொடக்கூடாது. ஊர்ப் பக்கம் குப்பை புகாமல் கம்பி அடைத்திருப்பதால், போனவன் இந்தக் கதவு வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

அன்று முறை இராமலிங்கத்துடையது. வானம் கறுத்திருந்தது. தண்ணீர் வரும், போகாதே என்றேன்.

"எங்க வருது? ஆத்துல கொக்கு நிக்குது பாருங்க, அதுக்கு முழங்கால்கூட நனையல."

கரையில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். அவன் முண்டாசைக் கட்டினான்.

"தும்மல் வந்தா மூக்கைப் புடிங்க மச்சான். சக்கரத்தைப் புடிக்காதீங்க."

மண்வெட்டியோடு குனிந்து உள்ளே போனான்.

தூறல் விழுந்தது. ஆட்கள் கொட்டகைக்கு ஓடினார்கள். நான் முண்டாசை அவிழ்த்தேன். முடிச்சு இறுக்கம், துணி கிழியாமல் நகத்தால் நெம்பி எடுத்தேன். மடித்து மடியில் வைத்துக்கொண்டு கதவை இறக்கினேன். சக்கரத்தில் முண்டாசு இல்லாததால், அவன் வெளியே வந்து வீட்டுக்குப் போய்விட்டான் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

பிறகு ஊருக்குள் மழை கொட்டியது. லோங்காங் நிரம்ப ஒரு பானை சோறு வேகிற நேரம்கூட ஆகாது.

உள்ளேயிருந்து கதவைத் தட்டினான். ஆற்றில் மிதந்து வரும் கட்டை அப்படித்தான் இடிக்கும் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். கட்டை மச்சான் என்று கூப்பிடாது என்பதும் எனக்குத் தெரியும்.

தனலெட்சுமி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். கதவைப் பார்த்ததும் சிரிப்பு.

"என்னண்ணே, அதுக்குள்ள மூடிட்டியா? அவரு பாத்தா ஒன்ன விடமாட்டாரே. எங்க அவரு?"

"முண்டாசு இல்ல பாரு. வீட்டுக்குத்தான் போயிருப்பான். நனையாம போம்மா."

மழைச் சத்தத்தில் அவளுக்குத் தட்டுவது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. அவள் போன பிறகும் கொஞ்ச நேரம் கேட்டது.

ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். திறந்தால் ஆறு புகுந்து லயம் முழுகும். ஒரு ஆளா, அத்தனை குடும்பமா? துரையே என் இடத்தில் நின்றால் என்ன செய்வார்? மறுநாள் கோலாலம்பூரில் பாதி தண்ணீரில் கிடந்தது. எங்கள் லயத்தில் ஒரு அடுப்புகூட அணையவில்லை. திட்டிய பெண்களே என்னைக் கும்பிட்டார்கள்.

வெள்ளம் வடிந்து கதவைத் தூக்கியபோது தண்ணீரோடு இராமலிங்கமும் வந்தான். முண்டாசைத் துவைத்துக் காயவைத்து நான்தான் தங்கையிடம் கொடுத்தேன். அவளுக்குச் சேர வேண்டியது. வாங்கிக்கொண்டு, "இத அவுத்தது யாருண்ணே?" என்றாள். அங்கிருந்து நேரே உங்களிடம் வந்திருக்கிறாள்.

நான் கதவை இறக்கியபோது ஆறு எங்கே இருந்தது என்று துரை கேட்கிறார். கீழே. கதவுக்கும் அதற்கும் ஓர் ஆள் உயரம் இருந்தது. அன்று இருட்டும்வரை ஏறவே இல்லை. திறந்திருந்தால் ஒரு சொட்டுகூட உள்ளே வந்திருக்காது. தெரிந்தேதான் இறக்கினேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் மறுநாள் வெள்ளம் வந்ததா இல்லையா, அதையும் துரையிடம் சொல்லுங்கள். அதைப் பார்க்க இராமலிங்கம் இல்லாமல் போனதுதான், ஐயா, எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.