இறந்த தேதி இல்லாதவர்

அலிப்பூர் நெரிசலை நீந்தி வந்து இந்த லேக் மார்க்கெட் மேடைக்குத் தலைமை தாங்கும் வைத்தியநாதன் அவர்களே, பெரியோர்களே, பொங்கலையும் பூஜையையும் பாகுபாடின்றிப் போற்றும் தாய்மார்களே, முன்வரிசையில் மூச்சோடும் முறுவலோடும் அமர்ந்திருக்கும் பன்னீர்செல்வம் அவர்களே, வணக்கம்!

மூச்சோடு என்றதற்கு ஏன் சிரிக்கிறீர்கள்? சென்ற ஆண்டு ஓர் ஆஸ்பத்திரி அதை மறுத்ததே!

துறைமுக அதிகாரியாக ஓய்வு பெற்ற இவர், நெஞ்சைப் பிடித்தபடி அங்கே போனார். கவுண்டர் பெண் கணினியைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். "மேஷோமஷாய், ஆப்னி தோ நேய்!" என்றாள் வங்காளத்தில். ஐயா, நீங்கள்தான் இல்லையே!

திரையில் இறந்த தேதி, 1970 ஜனவரி முதல் நாள். இவருக்குக் கல்யாணமே அதற்குப் பிறகுதான்! மாண்டவருக்குப் படுக்கை தர மென்பொருளில் வழியில்லையாம். மனைவி சாவித்ரி கொதித்தார்: "வேர்த்துக் கொட்டுதே, கண்ணு தெரியலையா? செத்தவருக்கு வேர்க்குமா?" சத்தம் கேட்டு ஓடிவந்த டாக்டர், கணினியைக் கேட்காமல் கையைப் பிடித்துப் பார்த்தார். உயிர் பிழைத்தது!

உயிரோடிருப்பவருக்கு ஏது ஐயா இறந்த தேதி? அந்தக் காலியிடத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டது நிரல். கணினியின் நாட்காட்டியில் பூஜ்யம் என்றால் அந்த 1970!

அந்த நிரலுக்கு அடிப்படையான லைப்ரரியை எழுதிய கம்பெனியில்தான் இவர் மகள் ஹம்சினிக்கு வேலை. புத்தகம் அடுக்கும் லைப்ரரி அல்ல அம்மா; நிரல் எழுதுவோர் எடுத்தாளும் ஆயத்தத் துண்டுகளின் தொகுப்பு. மேலாளர் ராஜாராமனிடம் முறையிட்டார்.

"காலியா இருந்தா 9999ஆம் வருஷம்னு போட்டுடும்மா."

"அதுவும் பொய்தானே சார்?"

"அதுவரைக்கும் இருந்து யாரு கேக்கப்போறா?"

என்ன கருணை! என்ன கொடை! ஒரே வரியில் எட்டாயிரம் ஆண்டு ஆயுள்!

ஹம்சினி அதை ஏற்கவில்லை. மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்லும் ஒரு பெட்டியை லைப்ரரியில் வைத்தார். திறப்பவர், இருந்தால் என்ன செய்வது, இல்லாவிட்டால் என்ன செய்வது என்று இரண்டுக்கும் விடை எழுதவேண்டும். எழுதாவிட்டால் நிரல் ஓடாது. மறுநாள் ஆபீஸ் முழுவதும் பிழைச் செய்திகள்! தோழர்கள் சபித்தார்கள். அவர்கள் மறந்த இல்லைகள், மறைத்த இல்லைகள், மழுப்பிய இல்லைகள் அத்தனையும் திரையில் சிவந்து நின்றன!

"பழையபடி மாத்திடும்மா," என்றார் ராஜாராமன்.

"மாத்தறேன் சார். அடுத்த தடவை எங்க அப்பா மாதிரி ஒருத்தர் வந்து நின்னா, இவர் உயிரோட இருக்கார்னு சொல்ல நீங்க நேர்ல போவீங்களா?"

பெட்டி நிலைத்தது. தோழர்கள் முணுமுணுத்தபடியே திருத்தி முடித்தார்கள்.

அன்பர்களே, இல்லாததை இல்லையென்று சொல்ல ஏன் இத்தனை அச்சம்? வெறுமையைக் கண்டால் எதையாவது இட்டு நிரப்பும் அவசரம் எதற்கு?

சென்ற மாதம் பன்னீர்செல்வம் மறுபரிசோதனைக்குப் போனார். திரையில், "இறந்த தேதி: இன்னும் இல்லை." வீடு திரும்பியவர் மகளிடம் சண்டை பிடித்தார்.

"அந்த 'இன்னும்' எதுக்கும்மா?"

"எடுத்தா பொய்யாயிடும்ப்பா."

தந்தைக்காகக்கூடத் தளராத அந்த உண்மைக்குத் தலைவணங்கி, பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி கூறி, நீங்கள் எல்லோரும் நெடுங்காலம் 'இன்னும்' வாழ வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்!