ஒற்றைப் பொத்தான்

இன்ஸ்பெக்டர் மேடம், என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். பதினாறு வருடமாகக் கணினியில் அடித்தே பழகிவிட்டது. டைப் செய்து தரட்டுமா என்று கேட்டேன், நீங்கள் பேனாவைக் கொடுத்தீர்கள். பரவாயில்லை. எங்காவது புரியவில்லை என்றால் கேளுங்கள், சொல்கிறேன்.

என் பெயர் சரவணக்குமார். வயது முப்பத்தொன்பது. சொந்த ஊர் காரியாபட்டிப் பக்கம். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் டிசைனராக இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. அம்மா இறந்த பிறகு ஊர் நிலத்தைச் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் தங்கியிருக்கிறேன். அச்சகத்தில் பிழை வந்தால்தான் என்னைக் கூப்பிடுவார்கள். என் வேலையில் பிழை அநேகமாக வராது.

மீதி நேரத்தில் ஒரு கேம் இன்ஜினைப் பராமரித்து வந்தேன். நான் பள்ளிக்கூடம் படித்தபோது வந்த விளையாட்டு அது. தீவில் கோட்டை கட்டி, கப்பல் விட்டு, ஊரை வளர்க்க வேண்டும். அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. இப்போதைய கணினிகளில் பழைய சிடி ஓடாது. அதனால் ரசிகர்களே சேர்ந்து, அதே படங்களையும் ஒலிகளையும் வைத்து விளையாட்டை ஓட்டுகிற நிரலைப் புதிதாக எழுதினார்கள். அதைத்தான் இன்ஜின் என்கிறோம். யாருக்கும் இதில் சம்பளம் கிடையாது. எழுதியவர்கள் ஒவ்வொருவராக விலகிப்போக, கடைசியில் புதிய பதிப்புகளை வெளியிடுகிற பொறுப்பு என்னிடம் வந்தது. எங்கள் இணையப் பக்கத்தில் ஜெர்மனிக்காரர், பிரேசில்காரர் என்று பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். ஒருநாள் ஒருவன், தான் விருதுநகர் என்று எழுதியிருந்தான். அவன்தான் தவுபிக். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

தவுபிக் குடும்பத்துக்கு அட்டைப்பெட்டி வியாபாரம். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்கு லோடு இறக்கப் போனபோது வெடிவிபத்து நடந்தது. முகத்தை மறைத்த கையோடு விழுந்திருக்கிறான். இடது கையில் விரல்கள் போய்விட்டன. வலது கை வெந்து ஆறியபோது தோல் சுருங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. கட்டைவிரல் மட்டும் அசையும். எனக்குப் பழக்கமானபோது விபத்து நடந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவன் மனைவி மஹ்ரீன் அவன் சொல்வதைக் கேட்டு டைப் செய்வாள். விளையாட முடியாது, மற்றவர்கள் விளையாடுவதைப் படிக்கவாவது செய்கிறேன் என்றுதான் முதலில் எழுதினான்.

எனக்கு அது பொறுக்கவில்லை. அந்த வருடம் காலண்டர் சீசன் முடிந்ததும் உட்கார்ந்தேன். நாலு மாதம் ஆனது. எங்கள் 2.0 பதிப்பின் முக்கியமான மாற்றமே அதுதான். திரையில் ஒரு கோடு தானாக மெல்ல நகரும். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் நிற்கும். இன்னொருமுறை அழுத்தினால் அந்த இடம் தேர்வாகும். யோசிக்கிற நேரத்துக்கு எதிரி காத்திருப்பான். எலக்ட்ரிக்கல் கடையில் காலிங் பெல் பொத்தான் ஒன்று வாங்கி, ஒயரை மாற்றிப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி விருதுநகர் போனேன். அவன் கட்டைவிரலால் அதை அழுத்தி ஒரு கப்பலைக் கடலில் இறக்கினான். அவன் அம்மா குல்சார் பேகம் கதவோரம் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதிலிருந்து எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போனேன். "வாங்கண்ணே, சாப்பிட்டீகளா" என்று மஹ்ரீன் கேட்பாள். வாரம் முழுவதும் என்னிடம் அதைக் கேட்கிற ஆள் வேறு யாருமில்லை. இதைக் காரணமாகச் சொல்லவில்லை, மேடம். நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

மறு வருடம் தை மாதம், மதுரையிலிருந்து ஒரு மருத்துவமனைக்காரர்கள் விருதுநகர் கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டார்கள். தீக்காயத்தில் சுருங்கிய கைகளுக்கு இலவசமாக ஆபரேஷன் செய்வதாகச் சொன்னார்கள். நான்தான் தவுபிக்கை ஆட்டோவில் கூட்டிப் போனேன். டாக்டர் கையைப் பார்த்து, போட்டோ எடுத்து, விரல்களைப் பிரித்துவிடலாம், ஆறு மாதத்தில் பேனா பிடிக்கலாம் என்றார். படிவம் இங்கிலீஷில் இருந்ததால் நான் நிரப்பினேன். போன் நம்பர் கேட்ட இடத்தில், "ஒங்க நம்பரையே போடுங்கண்ணே, அவுக இங்கிலீஷ்ல பேசுனா எனக்குப் பதில் சொல்ல வராது" என்று மஹ்ரீன் சொன்னாள். போட்டேன். அதில் எந்த உள்நோக்கமும் கிடையாது. அன்று அவர்கள் எல்லாரையும்விட நான்தான் சந்தோஷமாக இருந்தேன் என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் தவுபிக் சொன்னான்: "கை சரியானா மொத வேலையா கடையத் தொறக்கணும் சரவணா. ஞாயித்துக்கெழமையும் தொறந்துர வேண்டியதுதான். கேமெல்லாம் வேற வழியில்லாமத்தானே."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். நானும் ஆமாம் என்றேன்.

முதல் போன் பங்குனியில் வந்தது. அடுத்த திங்கள் வந்து சேரச் சொன்னார்கள். அப்போது 2.1 பதிப்பு பாதியில் நின்றது. ஒற்றைப் பொத்தான் முறையில் சேமித்த ஆட்டத்தைத் திறந்தால் கோடு உறைந்துபோகும் பிழை இருந்தது. அதைச் சோதித்துச் சொல்ல உலகத்திலேயே அவன் ஒருவன்தான். பத்து நாளில் என்ன ஆகிவிடும் என்று தோன்றியது. அவர்கள் குடும்பத்தில் ஒரு விசேஷம், அடுத்த முறை வருகிறோம் என்று சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மஹ்ரீன், "ஆஸ்பத்திரில ஏதும் சொன்னாகளாண்ணே?" என்றாள். வரிசை நீளமாக இருக்கிறது என்றேன். பிழையை அன்றே பிடித்துவிட்டோம்.

இரண்டாவது போன் ஆவணியில். அச்சகத்தில் ஆர்டர் குவிந்திருந்த நேரம். 2.2-ல் கோட்டின் வேகத்தை அவரவர் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் வசதி வந்திருந்தது. பக்கவாதம் வந்த ஒரு பெரியவர் கனடாவிலிருந்து நன்றி எழுதியிருந்தார். தவுபிக்குக்குப் படித்துக் காட்டினேன், அவனுக்குப் பெருமை. அவன் பெயரைத்தான் குறிப்பில் முதலாவதாகப் போட்டிருந்தேன். இதையெல்லாம் பாதியில் விடக் கூடாது இல்லையா? நோயாளி கேரளாவுக்கு வைத்தியத்துக்குப் போய்விட்டார், ஆபரேஷன் வேண்டாம் என்கிறார் என்று சொன்னேன். போனில் பேசிய ஆஸ்பத்திரிப் பெண், நிச்சயமாகவா சார் என்று கேட்டாள். நிச்சயம்தான் என்றேன். குல்சார் பேகம் தானே நேரில் போய்க் கேட்டு வருவதாகச் சொன்னபோது, நான் மதுரைக்குப் போய் விசாரித்துவிட்டேன், அலைய வேண்டாம் என்று தடுத்தேன். மதுரைக்கு நான் போகவில்லை.

கார்த்திகையில் அவன் கட்டைவிரலடியில், தோல் மடிந்த இடத்தில், புண் ஒன்று ஆறாமல் இருந்தது. முகாம் நாளிலேயே சிறிதாக இருந்ததுதான். பொத்தானை அழுத்தும்போது வலிக்கிறது என்றான். புண்ணுக்கு இடம் விட்டுப் பொத்தானைச் சாய்த்துப் பொருத்தினேன். அதுவும் போதவில்லை. அதனால் 2.3-ல் அழுத்தவே வேண்டாம், விரல் பட்டாலே போதும் என்று மாற்றினேன். நல்ல மாற்றம். எல்லாரும் பாராட்டினார்கள்.

மூன்றாவது போன் மறு தை மாதம் வந்தது. இந்த முறை டாக்டரே பேசினார். முகாமில் எடுத்த போட்டோக்களைத் திரும்பப் பார்த்தாராம். மடிப்பில் இருந்த புண் ஆறிவிட்டதா என்று கேட்டார். ஆறவில்லை என்றால் புற்றாக மாற வாய்ப்பு உண்டு, ஆபரேஷன் வேண்டாம் என்றாலும் பரிசோதனைக்காவது உடனே வரச் சொல்லுங்கள் என்றார். நிதானமாக, எனக்குப் புரிகிற தமிழில்தான் சொன்னார். அதனால் எனக்குப் புரியவில்லை என்று இப்போது சொல்ல முடியாது.

ஆறிவிட்டது டாக்டர் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நேற்றும் கேட்டீர்கள். அதற்குமுன் ஒரு வருடம் பொய் சொல்லியிருந்தேன். கூட்டிப் போனால் முந்தைய இரண்டு போனும் தெரிந்துவிடும். தெரிந்தால் அந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்காது. அதோடு, வாய்ப்பு உண்டு என்றுதான் சொன்னார், புற்று என்று சொல்லவில்லை. மறுநாள் நல்ல களிம்பு ஒன்று வாங்கிப் போனேன். பதினாலு மாதம் நானே மருந்து வைத்துக் கட்டிவிட்டேன். மஹ்ரீன் கேட்கிற கேள்வி மட்டும் வாரவாரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

போன மாதம் புண்ணில் ரத்தம் நிற்காமல் போகவே, என்னிடம் சொல்லாமல் அவர்களே மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். அங்கே அவர்களுடைய பதிவேட்டில் மூன்று தேதியும், மூன்று பதிலும், என் நம்பரும் இருந்திருக்கின்றன. தோள் வரை கையை எடுத்துவிட்டார்கள் என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். நுரையீரலுக்கும் போயிருக்கிறது என்றும் சொன்னீர்கள். மஹ்ரீன் என்னை அறையில் வந்து பார்த்தாள். சத்தம் போடவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேம் வெளையாடுறதுக்குன்னே அவுகள ஞாயித்துக்கெழம ஒக்கார வச்சிருப்பேனேண்ணே" என்றாள். அதுவரை எனக்கு அது தோன்றவேயில்லை.

மூன்று முறை அழைத்தார்கள். மூன்று முறையும் வேண்டாம் என்று சொன்னவன் நான். வேறு யாரும் தூண்டவில்லை. இதைப் படித்துப் பார்த்தே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் எடுத்து வைத்திருக்கும் என் லேப்டாப்பில் 2.4 பதிப்பு இருக்கிறது. அதில் கையே தேவையில்லை. மைக் பக்கத்தில் மெதுவாக ஊதினால் கோடு நிற்கும். தவுபிக்கின் மூச்சு இப்போது எவ்வளவு பலமாக இருக்கிறது என்று யாராவது பார்த்துச் சொன்னால், அதற்குத் தகுந்தபடி அளவைக் குறைத்துக் கொடுத்துவிடுவேன்.