இல்லாத வெள்ளிக்கிழமை

மசினா: கேக்குறதுக்கு நேரா பதில் சொல்லுங்க. நாளைக்கு விடிஞ்சா வெள்ளிக்கிழமை. பாயை வெயில்ல போடவா, வேண்டாமா?

தனியேலு: நாளைக்கு விடிஞ்சா சனிக்கிழமை.

மசினா: ஆங்?

தனியேலு: ரேடியோவுல ஆறு மாசமா கத்துறான். இன்னைக்கு ராத்திரி பன்னெண்டு அடிச்சா நம்ம சமோவா உலகத்துக்கு நாள் மாறுற கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுது. வியாழன் படுத்து சனி எந்திரிக்கிறோம். நடுவுல வெள்ளி... கிடையாது.

மசினா: அது எனக்கும் தெரியும். "வெள்ளிக்கிழமை என் மச்சான் வீட்டு முன்னால பாயைப் போர்த்திக்கிட்டு உக்காந்து மன்னிப்புக் கேக்குறேன்"னு ஊர்ச் சபையில சொன்னது யாரு?

தனியேலு: நான்தான்.

மசினா: நாள் குறிச்சது?

தனியேலு: அதுவும்... நான்தான். அத்தனை பெரியவங்க இருந்தாங்க. ஒருத்தராவது விரல் விட்டு எண்ணிப் பாத்திருக்கலாம்ல?

மசினா: அடப்பாவி மனுசா. தெரிஞ்சேதான் குறிச்சீங்களா?

தனியேலு: தெரிஞ்சுனு இல்ல... நாட்டுக்கே ஒரு மாறுதல் வருது. நாமளும் அனுசரிச்சுத்தான் போகணும்.

மசினா: வந்துடுச்சு, மாறுதல். சபையில குடும்பத்துக்காகப் பேசுற பேச்சுக்காரர் பட்டம் கிடைச்ச நாள்ல இருந்து உங்க வாயில ஒரு வார்த்தை நேரா வந்ததில்ல. ரெண்டு வருசம் முன்னால வண்டியெல்லாம் இடப்பக்கம் ஓட்டணும்னு சட்டம் மாத்தினாங்களே, அன்னைக்கு வேனைத் தென்னை மரத்துல விட்டுட்டு என்ன சொன்னீங்க?

தனியேலு: "பாதையில ஒரு சிறு திருத்தம்"னு சொன்னேன்.

மசினா: முன் கண்ணாடி மடியில கெடக்கு. திருத்தமாம்.

தனியேலு: பேச்சுக்காரனுக்கு வார்த்தைதான்டி சோறு. மாறுதல், திருத்தம், சீரமைப்பு, இசைவு... ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம் இருக்கு. தலைவர் சொன்னதை மாத்தினா அது மறுபரிசீலனை. போதகர் மாத்தினா விளக்கம்.

மசினா: நான் மாத்தினா?

தனியேலு: பொம்பளை புத்தி... இல்ல, இல்ல, அந்தச் சட்டியைக் கீழ வை. சும்மா சொன்னேன்.

மசினா: எனக்கு உங்க அளவுக்கு வார்த்தை தெரியாது. குழம்புல உப்பு கூடினா தேங்காப்பால் ஊத்துறேன், அது திருத்தம். உங்க சட்டையில வயித்துக்கிட்ட ரெண்டு விரல் பிரிச்சு விடுறேன், அது மாத்துறது...

தனியேலு: துணி சுருங்கிடுச்சு.

மசினா: ஆமா, துணிதான். ஆனா சொன்ன நாளையே காணாமப் பண்றதுக்கு எங்க ஊர்ல திருட்டுனு பேரு.

தனியேலு: அந்த வார்த்தையைச் சொல்லாத.

மசினா: ஏன்? எந்தம்பியை நீங்க சபை நடுவுல சொன்ன வார்த்தைதானே. "பெத்தேலோ திருடன், பன்னியை அவுத்து விட்டு என் சேம்பு முழுக்கத் தின்ன வெச்சான்"னு. அப்புறம் எல்லாரும் போய்ப் பாத்தா கொல்லையில நிக்குது நம்ம பன்னி, காதுல உங்க வெட்டு அடையாளத்தோட.

தனியேலு: அது வேற... நம்மளைப் பாத்ததும் ஆசையா ஓடி வந்துச்சு, சனியன்.

மசினா: அஞ்சு மாசமாச்சுங்க. கூடப் பொறந்தவன் இந்த வீட்டுப் பக்கம் கால் வெக்கல. கோயில்ல எதிர் வரிசையில உக்காந்து என்னைப் பாத்துட்டுத் தலையைத் திருப்பிக்கிறான். எனக்குத் தாங்கல. புதுவருச விருந்துக்கு அவன் வரலைன்னா நான் விருந்து சமைக்க அடுப்புல சுடுகல்லே போட மாட்டேன். ஊரே சிரிச்சாலும் சரி.

தனியேலு: நான் மட்டும் சந்தோசமாவா இருக்கேன்... பட்டம் கட்டினவன்டி. பாயைத் தலையோட போர்த்திக்கிட்டு வெயில்ல உக்காந்தா, போற வர்றவன்லாம் பாப்பான்.

மசினா: வராத வெள்ளிக்கும் சம்பளம் குடுக்கணும்னு அரசாங்கமே சொல்லிடுச்சு. என் வீட்டுக்காரர்கிட்ட ஒரு மன்னிப்பு வாங்க முடியல. சரி, விடுங்க. போனது போகட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கவா? ஒருவேளை அந்த வெள்ளி வந்திருந்தா... என்ன பேசியிருப்பீங்க?

தனியேலு: ஓ, அதெல்லாம் தயார்.

மசினா: நெசமாவா? உங்களுக்கு வார்த்தை வராதுன்னுல்ல நினைச்சேன்.

தனியேலு: யாருக்கு? எனக்கா? அந்தப் பாயை எடு.

மசினா: பாய் எதுக்கு, சும்மா சொல்லுங்க.

தனியேலு: போர்த்தினாத்தான் குரல் வரும். எடு... ம். முகத்தையும் மூடிட்டேன். இப்பக் கேளு. "மேன்மை தங்கிய குடும்பத்தாரே, காலத்தின் மாறுதலால் என் சொல்லில் நேர்ந்துவிட்ட சிறு திருத்தத்தை..."

மசினா: எனக்குத் தூக்கம் வருது.

தனியேலு: இரு. "நிலைமையின் சீரமைப்பை முன்னிட்டு..."

மசினா: பன்னி யாருது?

தனியேலு: "...என் இல்லத்தைச் சார்ந்ததாகக் கருதப்படும் அந்த விலங்கானது..."

மசினா: பன்னி யாருதுங்க?

தனியேலு: ...என்னுது.

மசினா: ம். மேல சொல்லுங்க.

தனியேலு: பன்னி என்னுது. வேலி அறுந்து கெடந்தது என் சோம்பேறித்தனம். ஊர் முன்னாடி உன்னைத் திருடன்னு சொன்னேன், பெத்தேலோ. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கல. மீன் பிடிக்கப் போனா படகுல எதிர்ப்பக்கம் ஆளில்லாம நான் இருக்கிற பக்கமே சாயுது... வைய ஒருத்தன் இல்லாம எனக்கு வாய் நமநமங்குது. தப்பு என்னோடது. மன்னிச்சுடுடா. ...எப்படி இருந்துச்சு?

மசினா: நல்லா இருந்துச்சு.

தனியேலு: அழுறியா?

மசினா: இல்ல. பாயை எடுக்காதீங்க.

தனியேலு: வேர்க்குதுடி.

மசினா: மன்னிக்கிறவன் வந்துதான் பாயை எடுக்கணும். அதுதானே வழக்கம்.

தனியேலு: அவன்தான் இங்க இல்லையே... மசினா? ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் யாரு இருமுறது?

மசினா: மத்தியானத்துல இருந்து அங்கதான் உக்காந்திருக்கான். நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். நீங்க வெள்ளியைத் தொலைச்சீங்க, நான் வியாழனுக்கு மாத்திட்டேன். தம்பி, உள்ள வா. ஏன் மரம் மாதிரி நிக்கிற? மச்சான் பாயை எடுத்து விடு.

பெத்தேலோ: எடுக்குறேன்க்கா, எடுக்குறேன்... மச்சான், ஒரு நிமிசம் முகத்தை மூடியே இருங்க, எனக்குச் சொல்லச் சௌகரியமா இருக்கும். சபையில நீங்க வெள்ளிக்கிழமைன்னதும் நான் ஏன் மறு பேச்சு பேசாம தலையாட்டினேன்? நானும் நாள் எண்ணிட்டேன், அந்த வெள்ளி வராதுன்னு தெரியும். அன்னைக்கு உங்க சேம்புக் கொல்லையில முதல்ல பூந்தது எம்பன்னிதான். உங்களுது பாவம், மிச்சத்தைத்தான் தின்னுச்சு.