தாங்வான் கரைக்கு

அந்தி மங்கும் நேரம். சீனத்து ஆமோய்த் துறைக்குத் தெற்கே, கடலை ஒட்டி ஒரு மணல்பாதை. இருட்டத் தொடங்கினால் அதில் ஒருவரும் நடக்க மாட்டார்கள். பாதி வழியில் பன்றிக்கொட்டில் இருந்தது... பன்றிகளுக்கு இல்லை. ஆட்களுக்கு. கப்பல் வரும்வரை கூலிகளை அடைத்து வைக்கிற இடம்.

அந்தப் பாதையில் ஒருத்தி தனியாக நடந்து போனாள். பெயர் சுவா லியன். என் தோழன் ஹெங் இருக்கிறானே, அவனுடைய பெரியம்மா. படகுக்காரி. நெருங்கி உட்காருங்கள், காற்று விளக்கை அணைத்துவிடப் போகிறது.

லியனுக்கு டின் என்று ஒரு தம்பி. அக்கா முன்துடுப்பு, தம்பி பின்துடுப்பு. தச்சு வேலை வாங்கித் தருகிறேன் என்று லாவ் குயி என்கிற தரகன் அவனை அழைத்துப் போனான். கொட்டிலில் தள்ளினான். பரங்கிக் கப்பல் அவனையும் இன்னும் பலரையும் ஏற்றிக்கொண்டு போனது, உலகத்தின் மறுகோடியில் உரத்துக்குப் பறவை எச்சம் அள்ளுவதற்கு. நடுக்கடலில் ஆட்கள் திமிறி எழுந்தார்களாம். கப்பல் தலைவன் மேல்கதவை மூடி ஆணி அடித்தானாம். பிறகு தீ... கதவடைத்தவனும் தப்பவில்லை.

செய்தி துறைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்றைக்கு லியன் படகை அவிழ்க்கக் குனிந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல். அச்சு அசல் தாங்வான் பேச்சு, அக்கரையில் இருக்கிற அவள் சொந்த ஊர்ப் பேச்சு.

"அக்கா... அக்கரைக்குப் போகணும்."

திரும்பினாள். மணல்தான். ஆள் இல்லை.

படகு லேசாக ஆடியது. ஒரு விரற்கடை அமிழ்ந்தது. மறுபடி ஆடியது... மறுபடி அமிழ்ந்தது. வெறுங்கால்கள் பலகையில் மெத்து மெத்தென்று வைக்கிற சத்தம். கருகிய தார் வாசனை. ஈரத் தலைமுடி வாசனை. தண்ணீர் விளிம்பைத் தொட்டு நின்றது.

லியன் ஓடவில்லை.

"ஒதுங்கி உக்காருங்க தம்பிகளா. அலை அடிச்சா கவுந்துரும்" என்றாள்.

கொட்டில் பக்கமிருந்து லாந்தர் ஒன்று வந்தது. லாவ் குயி. "ஏய் படகுக்காரி! கொட்டில்லேருந்து யாரைக் கடத்துற?"

"எங்க ஊர்க்காரங்கள."

காலிப் படகைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் தண்ணீர் நிற்கிற மட்டத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. படகுக்குள்ளிருந்து யாரோ இருமினார்கள். பிறகு மெதுவாக... "லாவ் குயி..."

அவனுக்குக் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது. ஆனாலும் தரகன் புத்தி போகுமா? கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"இறக்கு அவங்களை! கைநாட்டு வச்சிருக்காங்க! எட்டு வருஷம் அவங்க பரங்கிக்குச் சொந்தம்!"

"கைநாட்டு வச்ச கையெல்லாம் கடலுக்கடியில கெடக்கு. முங்கி எடுத்துக்கோ, போ."

சிப்பி உடைக்கிற கத்தியால் கயிற்றை அறுத்தாள். அவன் கயிற்றோடு மல்லாந்து விழுந்தான். அதன்பிறகு தண்ணீர்ப் பக்கமே வந்ததில்லை.

எதிர்நீரோட்டம். ஒற்றைத் துடுப்பால் எத்தனை பேரை இழுப்பாள்? கை மரத்துப்போனது. அப்போது பின்துடுப்பு தண்ணீரைக் குத்தியது. அவள் போட்ட பிறகு, அரை வீச்சு தாமதமாக... தாமதமாக. டின் எப்போதும் அப்படித்தான்.

அவள் திரும்பவில்லை. கண்ணீர் வாய்க்குள் இறங்கியது. "செத்தும் ஒழுங்காத் துடுப்புப் போட வரலையேடா உனக்கு!" என்று திட்டினாள். பின்னால் யாரோ மூச்சுவிட்டுச் சிரித்தது போல இருந்ததாம்.

தாங்வான் கரை. சேறு. ஒவ்வொருவராக இறங்க இறங்கப் படகு விரல் விரலாக மேலே வந்தது. கடைசியில் பின்துடுப்பு பலகைமேல் சாய்ந்தது. ஈரக்கை ஒன்று அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனது.

ஆனால் படகு முழுசாக எழும்பவில்லை.

டக்... டக். தோல் பூட்ஸ். புகையிலை நாற்றம். பரங்கிப் பேச்சில் ஒரு குரல், வெகு மரியாதையாக, ஏதோ கேட்டது. அவளுக்கு அந்தப் பேச்சு தெரியாது. கதவுக்கு ஆணி அடித்தவன் யார் என்பது தெரியும்.

"உனக்கு இங்க கரை கெடையாது" என்றாள்.

படகைத் திருப்பினாள். இரண்டு கரைக்கும் நடுவே போகும்வரை வலித்தாள். பூட்ஸ் அங்குமிங்கும் நடந்தது. குனிந்து, படகின் அடி ஓட்டையை அடைத்திருந்த அடிக்கட்டையைப் பிடுங்கினாள். சோறு போட்ட ஒரே படகு. அதை முழுகவிட்டுவிட்டு நீந்திக் கரையேறினாள். மறுநாளிலிருந்து கொட்டிலுக்கு ஆள் ஏற்ற எந்தப் படகுக்காரியும் துடுப்பெடுக்கவில்லை. தரகர்கள் சவுக்கைக் காட்டினார்கள், சிறையைக் காட்டினார்கள். எடுக்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் மீன்வலையில் சிக்கி அந்தப் படகு மேலே வந்தது. அடிக்கட்டை இருந்த ஓட்டை அடைபட்டிருந்தது. உள்ளிருந்து. பித்தளைப் பொத்தான் வைத்த பரங்கிக் கம்பளித் துணியால்.

லியன் வந்து பார்த்தாள். துணியைப் பிடுங்கி எறிந்தாள். கல் நிரப்பச் சொல்லி, அதே இடத்தில் மறுபடி மூழ்கடித்தாள்.

அந்தத் துணியைத் தொட்டவள் அவள் ஒருத்திதான். எப்படி இருந்தது பெரியம்மா என்று ஹெங் ஒருமுறை கேட்டிருக்கிறான்.

"சூடா இருந்துச்சுடா" என்றாளாம்.