பணியால் ஏற்பட்டதல்ல

மாடி வீட்டில் குடியிருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. படியேறும் சத்தத்தை வைத்தே வருவது யார் என்று சொல்லிவிடலாம். தண்ணீர் கேன் போடுகிறவன் ஒரு மாதிரி ஏறுவான், வீட்டுக்காரம்மா ஒரு மாதிரி. குமாரவேல் இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டே ஏறுவான். நடுவில் வலிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் வந்த பழக்கம். சுண்ணாம்பில் அவன் உள்ளங்கை உரசுவது கேட்டதும் நான் அடுப்பில் பால் வைப்பேன். அவன் கதவைத் தட்டுவதற்கும் பால் பொங்குவதற்கும் சரியாக இருக்கும்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. எனக்கு முதல் என்பது அந்தச் சத்தம்தான்.

என் பெயர் ராசையா. சொந்த ஊர் நாசரேத் பக்கம். ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். துப்பாக்கி எடுத்துச் சண்டைக்குப் போனவனில்லை. போனவர்களின் பிறந்த தேதியையும் காயத்தையும் மனைவி பெயரையும் எழுதிவைப்பதுதான் என் உத்தியோகம். ஓய்வுக்குப் பிறகு மனைவியோடு ராயபுரம் வந்தேன். அவள் தம்பி இங்கே மளிகை மொத்த வியாபாரம் செய்துவந்தான். அவளைக் காசிமேட்டில் அடக்கம் செய்த பிறகு அந்தக் குடும்பத்தோடு போக்குவரத்து தானாகவே நின்றுபோனது. மகள் அனிஷா கனடாவில் இருக்கிறாள். ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால், அடுத்த ஞாயிறு பாட்டுப் பாட வாயைத் திறக்கும்போதுதான் என் குரலையே கேட்பேன். அப்படியும் வாரங்கள் போயிருக்கின்றன.

அதனால்தான் முன்னாள் ராணுவத்தினருக்கு உதவ ஆரம்பித்தேன். படையை விட்டு வரும்போது ஒருவனுக்குக் கொடுக்கிற டிஸ்சார்ஜ் புத்தகத்தில் தப்பு இருப்பது சகஜம். பிறந்த வருஷம் மாறியிருக்கும், தகப்பன் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும். அதற்காகப் பென்ஷனை நிறுத்திவைப்பார்கள். ரெக்கார்டு ஆபீஸுக்கு எப்படி எழுதினால் காரியம் நடக்கும் என்று எனக்குத் தெரியும். எண்ணூரிலிருந்தும் தண்டையார்ப்பேட்டையிலிருந்தும் வந்தார்கள். திருத்திக் கொடுத்தேன். காரியம் முடிந்ததும் இனிப்பு டப்பாவோடு வருவார்கள், கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார்கள், படியிறங்கிப் போவார்கள். பிறகு வர மாட்டார்கள். வரவேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? நான் யாரையும் குறை சொல்லவில்லை. வேலையை ஒழுங்காக முடித்துக்கொடுத்தால் ஆள் போய்விடுவார் என்பது மட்டும் மெல்ல மெல்லப் புரிந்தது.

குமாரவேல் திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்துக்காரன். மலைப்பாதையில் ராணுவ லாரி உருண்டதில் தலையில் அடிபட்டவன். அதற்குப் பிறகு வலிப்பு வர ஆரம்பித்து, பாதி சர்வீஸிலேயே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போது நோய்க்கு நேரே, 'பிறவிக் கோளாறு, பணியால் ஏற்பட்டதல்ல' என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு வரியால் அவனுக்குப் பென்ஷன் இல்லை, ராணுவ வைத்தியமும் இல்லை.

"பொறக்கசொல்லவே எனக்கு வலிப்பு இருந்தா மிலிட்டரில எப்டி சார் எட்த்துகினாங்கோ?" என்று முதல் நாளே கேட்டான். "ஓடச் சொன்னாங்கோ, ஓடினேன். மல ஏறச் சொன்னாங்கோ, ஏறினேன். லாரி வுயுந்ததுக்கு அப்பாலதான சார் இது வந்துச்சு?"

நியாயமான கேள்வி. அதையே இங்கிலீஷில் எழுதி, விபத்தன்று கூட இருந்தவர்களில் ஒருவருடைய சாட்சியத்தையும் இணைத்தால் போதும். ஒரு சாட்சியும் சீக்கிரமே கிடைத்தார். நான் பார்த்த வழக்குகளிலேயே இது சுலபமானது.

செவ்வாய்க்கிழமை தோறும் வரச் சொன்னேன். பீச் ஸ்டேஷன் போகிற ரயிலில் வந்து ராயபுரத்தில் இறங்கி நடந்து வருவான். அவன் மனைவி நீலா தெருத்தெருவாக மீன் விற்பவள். விற்காமல் மிஞ்சிய நெத்திலியை வறுத்துக் கொடுத்தனுப்புவாள். காகித வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் அவன் உடனே எழுந்து போக மாட்டான். ஜன்னலோரம் உட்கார்ந்து, எண்ணூர் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த தண்ணீரைப் பற்றி, மச்சான் படகின் புது எஞ்சினைப் பற்றிப் பேசுவான். ஒருநாள் சொல்லாமலே என் மின்விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். இன்னொரு நாள் சமையலறைக்குள் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தான்.

"இன்னா நைனா, நேத்து சோறா இது? கலீஜா கீது. கீய கொட்டு. நீ குந்து, நான் வட்சித் தரேன்."

அன்றிலிருந்துதான் 'சார்' போய் 'நைனா' வந்தது.

முதல் விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனது. விட்டுப்போனது என்பதைவிட, விட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அது திரும்பி வந்தது. எல்லாருக்கும் ஒருமுறை திரும்பி வருவதுதான் என்று அவனுக்குச் சொன்னேன். அவன் வருத்தப்படவில்லை. குப்பத்துக்குத் தபால் ஒழுங்காக வராது என்று சொல்லி, பதில் அனுப்ப வேண்டிய முகவரியாக என் முகவரியையும் என் போன் நம்பரையும் கொடுத்திருந்தேன். அதற்கும் அவன் நன்றி சொன்னான்.

கையெழுத்து வாங்கி மறுபடி அனுப்பிய பிறகு ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. மெடிக்கல் போர்டு அவனை மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். நல்ல செய்தி. போர்டு உட்கார்ந்தாலே அந்த வரி மாறிவிடும் என்று அனுபவத்தில் எனக்குத் தெரியும். அடுத்த செவ்வாய் சொல்லலாம் என்று இருந்தேன். அந்தச் செவ்வாய் அவன் மிகுந்த சந்தோஷத்தில் இருந்தான், ஏதோ கதை சொல்லிச் சிரிக்க வைத்தான். நடுவில் புகுந்து சொல்ல மனம் வரவில்லை. அதற்குள் தேதி தாண்டிவிட்டது. தாண்டிய பிறகு சொன்னால் வீணாக மனம் நோவான். அதனால் சொல்லவில்லை. அவன் போகாததால் இரண்டாவது அழைப்பும் வந்தது. அந்த முறை நான் அவ்வளவாக யோசிக்கவில்லை.

காசு போதாமல் வலிப்பு மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறான் என்பது எனக்குத் தெரியும். என் எதிரிலேயே உடைத்து, மற்ற பாதியைச் சட்டைப் பைக்குள் வைத்தான். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள், "மச்சான் போட்ல ஏறப் போறேன் நைனா" என்றான்.

"தண்ணிக்கு நடுவுல வலிப்பு வந்தா?"

"இன்னா பண்றது? நீலா கூடையத் தூக்கினு சுத்தறதப் பாத்துகினு சும்மா குந்திகினு இருக்க முடியல. பேப்பரு வர்ற வரிக்கும்தான். எப்ப நைனா வரும்?"

அழைப்புகள் இரண்டும் என் பெட்டிக்குள் இருந்தன. அவன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால்தான் பெட்டி. "வரும்பா. இவ்வளவு பொறுத்தாச்சு, இன்னும் கொஞ்சம் பொறு" என்றேன். செவ்வாய்க்கிழமை மட்டும் கடலுக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அவன் சிரித்தான். "செவ்வாக்கெயமல ஒன்ன வுட்டு எங்க போவப் போறேன்?"

அந்த விஷயத்தில் அவன் சொன்ன சொல் தவறவில்லை. வலையை இழுக்கும்போது வலிப்பு வந்து அவன் கடலில் விழுந்தது ஒரு வியாழக்கிழமை. மச்சான் உடனே குதித்தும் பிடிக்க முடியவில்லை. எண்ணூருக்கு வடக்கே பிணமாக ஒதுங்கினான். சாவு வீட்டுக்கு நான் போயிருந்தேன். நீலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள்.

"ஒங்களப் பெத்த அப்பன் மாரி நெனச்சிகினு இருந்துச்சு சார் அது."

எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அந்தக் கூட்டத்தில் நெருங்கிய சொந்தங்களுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவள் இறப்புச் சான்றிதழோடு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். உன் புருஷனை இரண்டு முறை கூப்பிட்டோம், அவர்தான் வரவில்லை என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். நேராக என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ரெண்டு வாட்டி கூப்ட்டாங்கோளாமே. அதுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது. நான் சொல்லல."

"ஏன்?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. "வேலை முடிஞ்சா அவன் வரமாட்டாம்மா" என்றேன்.

அவள் கத்தவில்லை. கத்துவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். ஜன்னலோரத்து நாற்காலியைப் பார்த்தாள்.

"பேப்பரு வந்தப்பறம் ஒங்கள எங்க வூட்டாண்டயே இட்டுகினு வந்து வெச்சிக்கலாம்னு சொல்லிகினு இருந்துச்சு. 'மாடில ஒண்டியா கீறாரு நீலா, கேட்டா வரமாட்டாரு, நாமளே போயி இட்டாரணும்'னுச்சு. மேல ஒரு ஷெட்டு போடறதுக்கு எடம்கூட அளந்து வெச்சிது."

அவ்வளவுதான் சொன்னாள். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

அவள் போன பிறகு அதைப் பற்றி நிறைய யோசித்தேன். குமாரவேல் இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் முதல் அழைப்பிலேயே நானே கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பேன். மனதில் இருப்பதை மறைத்துவைத்தது அவன் பக்கத்துத் தவறு. அதையும் நீங்கள் எழுதிக்கொள்வதுதான் முறை.

மற்றபடி நான் எதையும் மறுக்கவில்லை. அழைப்புகளை மறைத்தவன் நான். மருந்தைக் குறைக்கிறான் என்று தெரியும், கடலுக்குப் போகிறான் என்று தெரியும், ஒருநாள் விழுவான் என்றும் தெரியும். தெரிந்தே அடுத்த செவ்வாய்க்காகக் காத்திருந்தேன். கொலை என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் நீலாவிடம் சொல்ல வேண்டும். இறந்தவருடைய பதிவிலும் அந்த வரியைத் திருத்தலாம். திருத்தினால் குடும்பப் பென்ஷன் அவளுக்கு வரும். ஆனால் பதிவில் அவள் பெயர் லீலா என்று இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இந்தப் பக்கத்தில் அதை என்னைப்போல் செய்து கொடுக்க ஆளில்லை. என்னை எந்த ஜெயிலில் வைத்தாலும் பார்க்க வருகிறவர்களை விடுவார்கள் அல்லவா? அங்கே வரச் சொல்லுங்கள். ஒரே தடவையில் முடிகிற வேலை இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவையுங்கள்.